காலுக்கு வந்த நோய்க்கு எத்தனை பெயர்?

காரைக்கால் பகுதியின் தென்கோடியில் கீழவாஞ்சூர் இருக்கிறது. திருமலைராயன் பட்டினத்தைச் சேர்ந்த கடலோர ஊர் அது. ஊருக்குத் தெற்கே எல்லை. எல்லையைத் தாண்டினால் நாகூர்.

1954-ம் ஆண்டு வரை எல்லைக்கு இந்தப் பக்கம் பிரெஞ்சு ஆட்சி. அந்தப் பக்கம் 1947 வரை ஆங்கிலேயர் ஆட்சி. இங்கே அரசாங்க எழுத்து பிரெஞ்சு, அங்கே இங்கிலீஷ். இப்போது கீழவாஞ்சூரில் பெரிய துறைமுகம் இருக்கிறது. 2009 முதல் கப்பல்கள் வருகின்றன.

ஆட்சிகள் மாறின. ஊரும் மாறியது. ஆனால் காலில் நோய் வந்தால் மக்கள் சொல்லும் வார்த்தை மாறவில்லை. எல்லைக்கு இந்தப் பக்கமும் அதேதான், அந்தப் பக்கமும் அதேதான்.

"காலுக்கு என்னம்மா?" என்று டாக்டர் கேட்கிறார்.

"நரம்பு சுருட்டிக்கிட்டுக் கெடக்குதுங்கய்யா" என்கிறாள் ஒரு தாய்.

"நெறி கட்டி, ரெண்டு நாளா குளிர்காய்ச்சலுங்க" என்கிறார் ஒரு பெரியவர்.

"கால்ல நீர் இறங்கிப் போச்சு" என்கிறாள் ஒரு பாட்டி. "வாயு பிடிச்சுக்கிச்சு, நடக்க முடியலே" என்கிறார் பீடி பிடிக்கும் ஒருவர்.

காவிரியின் கடைமடையில் எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் இந்தப் பேச்சைக் கேட்கலாம். டாக்டர் சீட்டில் எழுதும் சொல் வேறாக இருக்கிறது. அதை நோயாளி படிப்பதில்லை; படித்தாலும் புரிவதில்லை. பெயர் புரியாவிட்டால் என்ன குறைந்துவிட்டது என்று கேட்கலாம். சில நேரம் கால் போய்விடுகிறது. சில நேரம் உயிரே போய்விடுகிறது.

நரம்பு எது?

எல்லாக் குழப்பத்துக்கும் தலையானது "நரம்பு" என்ற சொல்.

பழந்தமிழில் யாழின் தந்திக்கும் நரம்பு என்றுதான் பெயர். உடம்பில் கயிறு போலவும் நூல் போலவும் தெரிவதை எல்லாம் மக்கள் நரம்பு என்று சொல்லிவிட்டார்கள். புறங்கையில் பச்சையாகத் தெரிகிறதே, அது நரம்பு. குதிகாலுக்கு மேலே விறைப்பாக நிற்கிறதே, அதுவும் நரம்பு. கை மரத்துப் போனால் அதற்கும் நரம்புதான் காரணம்.

உண்மையில் இவை மூன்றும் வேறு வேறு. புறங்கையில் பச்சையாகத் தெரிவது ரத்தக் குழாய். குதிகாலில் இருப்பது தசைநார். மரத்துப் போவதற்குக் காரணமானதுதான் உண்மையான நரம்பு. அது மூளையிலிருந்து செய்தி கொண்டு போகும் தந்திக் கம்பி. அதில் ரத்தம் ஓடாது.

மக்களை மட்டும் குறை சொல்லக்கூடாது. ஊசி போட வரும் நர்சும், "நரம்பு கிடைக்கலே, கையை நல்லா மடக்குங்க" என்றுதான் சொல்கிறார். ரத்தக் குழாயில் போடும் ஊசிக்கு "நரம்பு ஊசி" என்று பெயர் நிலைத்துவிட்டது.

இதனால் வரும் கேடு என்ன? கெண்டைக்காலில் ரத்தக் குழாய் புடைத்துச் சுருண்டுகொள்கிறது. அவர் "நரம்பு டாக்டர்" யார் என்று விசாரித்துக் கொண்டு போகிறார். அங்கே காத்திருந்து, "இது என்னுடைய வேலை அல்ல" என்று கேட்டுக்கொண்டு திரும்புகிறார். இல்லாவிட்டால் "நரம்புத் தளர்ச்சி" மருந்து விற்கும் கடைக்குப் போகிறார். மருந்து தீர்கிறது, புடைப்பு தீரவில்லை.

பாசனக் காலும் வடிகாலும்

காலில் என்னதான் ஓடுகிறது? கடைமடை விவசாயிக்கு இதைச் சொல்லிக் கொடுக்கவே வேண்டாம். வாய்க்கால், வடிகால் என்று அவர் பேசுகிற பேச்சிலேயே "கால்" இருக்கிறது. ஓடும் நீருக்கு வழி என்று அதற்குப் பொருள்.

இருதயத்திலிருந்து நல்ல ரத்தத்தைக் கொண்டு வருவது பாசன வாய்க்கால் போன்றது. புத்தகத்தில் அதற்குத் "தமனி" என்று பெயர். பாய்ந்த ரத்தத்தைத் திரும்ப இருதயத்துக்குக் கொண்டு போவது பெரிய வடிகால். அதற்குச் "சிரை" என்று பெயர். இரண்டுக்கும் நடுவே, மயிரை விட மெல்லிய குழாய்கள் வயல் முழுவதும் பரவிக் கிடக்கின்றன.

வயலில் பாய்ந்த நீர் முழுவதும் பெரிய வடிகாலுக்குப் போய்விடுமா? போகாது. கொஞ்சம் மண்ணில் ஊறி நிற்கும். உடம்பிலும் அப்படித்தான். மெல்லிய குழாய்களிலிருந்து நீர் கசிந்து சதையில் ஊறுகிறது. ஊறிய நீரை வடித்து எடுக்க இன்னொரு வகைக் குழாய்கள் இருக்கின்றன. அவற்றில் ஓடும் நீருக்கு "நிணநீர்" என்று பெயர். ஒவ்வொரு நாளும் சில லிட்டர் நிணநீர் கழுத்தடி வரை ஏறிப் போய்த் திரும்ப ரத்தத்தில் சேர்கிறது.

இந்த நீரை ஏற்றுவதற்கு இருதயம் போன்ற பம்பு கிடையாது. நாம் நடக்கும்போது கெண்டைக்கால் சதை பிழிந்து கொடுக்கிறது. குழாய்க்குள் இருக்கும் சின்னச் சின்ன மதகுகள் ஏறிய நீரைக் கீழே விடாமல் பிடித்துக்கொள்கின்றன. வழியில் தொடை இடுக்கு, அக்குள், கழுத்து ஆகிய இடங்களில் முடிச்சுகள் உண்டு. அவை காவல் சாவடிகள். காலில் புண் வந்து விஷக்கிருமி ஏறினால், தொடை இடுக்கிலுள்ள முடிச்சு வீங்கி அதைத் தடுக்கும். "நெறி கட்டியிருக்கிறது" என்று நம் பாட்டிமார் சொன்னது இதைத்தான். எந்த மருத்துவப் புத்தகச் சொல்லுக்கும் "நெறி" குறைந்தது அல்ல.

பெரிய சொற்களின் சின்ன வயிறு

டாக்டர்கள் சொல்லும் சொற்களைக் கேட்டு மிரள வேண்டாம். வெள்ளைக்காரர் வைத்த பெயர்களும் வெறும் வீட்டுப் பேச்சுத்தான்.

நிணநீருக்கு லத்தீனில் "லிம்பா" என்று பெயர். தெளிந்த தண்ணீர் என்று பொருள். 1653-ம் ஆண்டில் டென்மார்க் தேசத்து பார்த்தோலின் என்ற பேராசிரியர் இந்தக் குழாய்களுக்கு அந்தப் பெயரை வைத்தார். தமிழில் "நிணம்" என்றால் கொழுப்பு. சாப்பிட்ட கொழுப்பைக் குடலிலிருந்து ஏற்றிக் கொண்டு போவது இந்தக் குழாய்கள்தான். அப்போது நீர் பால் போல் வெளுத்துத் தெரியும். எனவே தமிழ்ப் பெயரும் பொருத்தமே.

தமனிக்குக் கிரேக்கர் வைத்த பெயரைக் கேட்டால் சிரிப்பு வரும். காற்றுக் குழாய் என்று பொருள்பட வைத்தார்கள். செத்த உடம்பை அறுத்துப் பார்த்தபோது அதில் ரத்தம் இல்லை. காற்றுத்தான் ஓடும் என்று நினைத்துவிட்டார்கள். "தமனி" என்பது வடமொழிச் சொல். அதன் வேருக்கும் ஊதுவது என்றுதான் பொருள்! ரத்தம் இருதயத்திலிருந்து புறப்பட்டுச் சுற்றி வருகிறது என்பதை 1628-ல் ஹார்வி என்ற ஆங்கிலேய டாக்டர் நிரூபித்தார். ஆனாலும் பழைய பெயர்கள் போகவில்லை.

நடந்தால் கெண்டைக்கால் வலிக்கும். நின்றால் வலி போய்விடும். பாசன வாய்க்கால் அடைத்துப்போவதால் வரும் நோய் இது. புகை பிடிப்பவருக்கும் சர்க்கரை வியாதிக்காரருக்கும் அதிகம். டாக்டர் இதற்கு நீளமான லத்தீன் பெயர் சொல்வார். விட்டு விட்டு நொண்டுவது என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. நம் ஆட்கள் "வாயு" என்று சொல்லி எண்ணெய் தேய்க்கிறார்கள். பீடியை மட்டும் விடுவதில்லை. கால்விரல் கறுத்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள்.

மானிப்பாய் டாக்டர்

மேல்நாட்டு மருத்துவத்தைத் தமிழில் சொல்ல முடியாது என்று இன்றும் சிலர் சொல்கிறார்கள். அவர்களுக்குக் கிரீன் கதை தெரிந்திருக்காது.

சாமுவேல் பிஸ்க் கிரீன் ஒரு அமெரிக்கர். 1822-ல் பிறந்தவர். டாக்டர் பட்டம் பெற்று, 1847-ல் கிறிஸ்துவ ஊழியராக யாழ்ப்பாணத்துக்கு வந்தார். மானிப்பாயில் ஆஸ்பத்திரி நடத்தினார். தமிழ் கற்றுக்கொண்டார்.

முதலில் தம் மாணவர்களுக்கு இங்கிலீஷில்தான் பாடம் சொன்னார். இங்கிலீஷில் படித்தவர்கள் சர்க்கார் உத்தியோகத்தைத் தேடிப் போனார்கள். கிராமத்து ஏழைக்கு யார் வைத்தியம் பார்ப்பது? 1860-களில் கிரீன் ஒரு முடிவுக்கு வந்தார். பாடம் முழுவதையும் தமிழில் நடத்தத் தொடங்கினார்.

அதற்குப் புத்தகம் வேண்டும். புத்தகத்துக்குச் சொல் வேண்டும். தமிழ் மாணவர்களைத் துணைக்கு வைத்துக்கொண்டு மொழிபெயர்த்தார். உடம்பின் அமைப்பைச் சொல்லும் முதல் புத்தகம் 1852-ல் வந்தது. "அங்காதிபாதம், சுகரணவாதம், உற்பாலனம்" என்று அதற்குப் பெயர். உடற்கூறு, உடலின் இயக்கம், சுகாதாரம் என்று இன்று சொல்கிறோமே, அவைதான். அறுவை மருத்துவத்துக்கு "இரண வைத்தியம்" என்று ஒரு புத்தகம். ரசாயனத்துக்கு "கெமிஸ்தம்" என்று பெயர் வைத்தார். கிடைத்தால் தமிழ், இல்லாவிட்டால் வடமொழி, அதுவும் இல்லாவிட்டால் இங்கிலீஷுக்கே தமிழ் உடை!

60-க்கு மேற்பட்டவர்கள் அவரிடம் படித்து வைத்தியரானார்கள். கிரீன் 1873-ல் தாயகம் திரும்பினார், 1884-ல் காலமானார். தமிழருக்கு மருத்துவ ஊழியம் செய்தவன் என்று தம் கல்லறையில் எழுதச் சொன்னார். அமெரிக்காவில் ஊஸ்டர் நகரத்தில் அந்தக் கல் இருக்கிறது.

அவர் செய்த சொற்களில் பல இன்று வழக்கில் இல்லை. வடமொழி மிகுந்த சொற்களை மக்கள் நாக்கு ஏற்கவில்லை.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் பயணிகள் கப்பல் விட்டார்கள். சில மணி நேரப் பயணந்தான். ஆனால் அங்கே பள்ளிக்கூடத்துப் பையனைக் கேட்டால், நல்ல ரத்தம் வருவது "நாடி", திரும்பிப் போவது "நாளம்" என்பான். நம் பையன் "தமனி, சிரை" என்பான். "நாளம்" என்றால் நமக்கு எந்த ரத்தக் குழாயும் ஆகும். தமிழ் ஒன்று, கடலுக்கு இரு கரையிலும் பாடப் புத்தகம் வேறு. இருந்தாலும் "நிணநீர்" இரண்டு கரையிலும் நிணநீர்தான்.

இத்தனை சொல்லிலும் மக்களிடம் வென்றது "ரத்தக் குழாய்" என்பதுதான். குழாய் என்றால் அடைக்கும், கசியும், வெடிக்கும். இதைப் புரிந்துகொள்ளப் படிப்பு வேண்டியதில்லை.

கடைசி நாளின் பெயர்

நல்ல தமிழ்ப் பெயர் ஒன்றும் தீங்கு செய்ததுண்டு. அதுதான் யானைக்கால்.

பெயர் என்னவோ அருமையான பெயர். வெளிநாட்டார் இதில் பெரிய குழப்பம் செய்தார்கள். கிரேக்கர் குஷ்ட நோய்க்கு யானை நோய் என்று பெயர் வைத்தார்கள். அரபு வைத்தியர்கள் வீங்கிய காலுக்கு யானை நோய் என்று பெயர் வைத்தார்கள். இரண்டு நூல்களையும் லத்தீனில் படித்தவர்கள் இரண்டு நோயும் ஒன்று என்று பல நூற்றாண்டுகள் குழம்பினார்கள். "கிரேக்கர் யானை", "அரபு யானை" என்று பிரித்துச் சொல்ல வேண்டி வந்தது! தமிழருக்கு அந்தக் குழப்பம் இல்லை. குஷ்டம் வேறு, யானைக்கால் வேறு என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். பழைய தண்ணீர் தேங்கி நிற்கும் நாடுகளில் இந்தக் கால் வீக்கம் வரும் என்று சுசுருதர் பெயரால் வழங்கும் பழைய வடமொழி மருத்துவ நூலே சொல்கிறது.

நோய்க்குக் காரணம் நூல் போன்ற ஒரு புழு. கொசு வழியாக உடம்பில் நுழைந்து, நிணநீர் வடிகாலில் குடியேறுகிறது. பல வருஷம் அங்கேயே வாழ்கிறது. பெண் புழு கோடிக்கணக்கில் குஞ்சு பொரிக்கிறது. குஞ்சுகள் ரத்தத்தில் மிதக்கின்றன. அதுவும் ராத்திரியில்தான்! பகலில் நுரையீரலில் ஒளிந்துகொண்டு, ஆள் தூங்கும் நேரத்தில் வெளியே வருகின்றன. சாக்கடைக் கொசு கடிக்கும் நேரமும் அதுதான். பான்கிராப்ட் என்ற டாக்டர் 1876-ல் ஆஸ்திரேலியாவில் முதிர்ந்த புழுவைக் கண்டுபிடித்தார். அடுத்த ஆண்டு சீனாவில் இருந்த மான்சன் என்ற டாக்டர், கொசு வயிற்றில் அந்தக் குஞ்சுகள் வளர்வதைக் கண்டார். கொசு செத்து விழுந்த தண்ணீரைக் குடிப்பதால் நோய் வருகிறது என்று அவர் நினைத்தார். கடியினால்தான் வருகிறது என்பது 1900-ல் தெரிந்தது.

புழு நுழைந்த அன்றே கால் வீங்காது. பல வருஷம் ஒன்றுமே தெரியாது. அவர் வயலுக்குப் போவார், கடலுக்குப் போவார், கல்யாணம் செய்துகொள்வார். அவர் ரத்தத்தில் புழுக் குஞ்சுகள் இருக்கும். அவரைக் கடித்த கொசு பக்கத்து வீட்டுக் குழந்தையைக் கடிக்கும். பிறகு எப்போதோ நெறி கட்டும்; குளிர்காய்ச்சல் வரும்; போகும். கால் லேசாக வீங்கும்; வடியும். சில ஆண்களுக்கு விரை வீங்கும். வெட்கத்தினால் வெளியே சொல்ல மாட்டார்கள். கடைசியில் தோல் தடித்து, மடிப்பு விழுந்து, யானையின் கால் போல் ஆகும்.

அந்தக் கடைசி நாளுக்குத்தான் தமிழில் பெயர் இருக்கிறது. முன்னால் உள்ள இருபது வருஷத்துக்குப் பெயர் இல்லை!

அரசாங்கம் மாத்திரை கொண்டு வந்து வீடு வீடாகக் கொடுக்கிறது. "எனக்குத்தான் யானைக்கால் இல்லையே! மாத்திரை எதற்கு?" என்று கேட்கிறார்கள். வாங்கி மாடத்தில் வைத்துவிடுகிறார்கள். இந்தியாவில் 1955-ல் யானைக்கால் ஒழிப்புத் திட்டம் தொடங்கியது. எல்லோருக்கும் ஒரே நாளில் மாத்திரை கொடுப்பது 2004-ல் நாடு முழுவதும் வந்தது. மாத்திரை காலை மெலிய வைப்பதற்கு அல்ல. ரத்தத்தில் உள்ள குஞ்சுகளைக் கொல்வதற்கு. பெயரில் "கால்" இருப்பதால் இந்த விஷயம் யார் மனதிலும் ஏறவில்லை.

காரைக்கால் உப்பு

காரைக்காலில் 1980-களில் வேறு ஒரு வழியைச் செய்து பார்த்தார்கள். டி.இ.சி. என்ற அந்த மருந்தைச் சமையல் உப்பில் கலந்தார்கள். கடையில் வாங்கும் உப்பே மருந்து! குழம்பிலும் ரசத்திலும் மருந்து போயிற்று. "உனக்கு நோய் உண்டா?" என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை. கிழவர், இளைஞர், வீங்கியவர், வீங்காதவர் எல்லோரும் சாப்பிட்டார்கள். ரத்தத்தில் புழு உள்ளவர் தொகை வெகுவாகக் குறைந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் ஏட்டில் 1996-ல் இந்த முயற்சியின் விவரம் வெளிவந்தது.

சீனாவும் இதே உப்பு வழியைப் பெரிய அளவில் கையாண்டது. அங்கே நோய் ஒழிந்தது என்று 2007-ல் உறுதியாயிற்று. இலங்கை மாத்திரை கொடுத்தே வென்றது. 2016-ல் உலக சுகாதார நிறுவனம் அதற்குச் சான்று வழங்கியது.

முன்பெல்லாம் சுகாதார ஊழியர்கள் ராத்திரி 8 மணிக்கு மேல் ரத்தம் எடுக்க வருவார்கள். தூங்குகிறவரை எழுப்பினால் யாருக்குத்தான் கோபம் வராது? "பகலில் வரக்கூடாதா?" என்று சண்டை பிடித்தவர்கள் உண்டு. இப்போது விரல் நுனியில் ஒரு சொட்டு எடுத்துப் பகலிலேயே பார்க்கும் சோதனையும் வந்துவிட்டது.

உருவி விடாதீர்கள்!

கால் வீங்கினால் எல்லாம் யானைக்கால் அல்ல. இருதயமோ சிறுநீரகமோ பழுதானால் இரண்டு காலும் வீங்கும். விரலால் அழுத்தினால் குழி விழும். "நீர் இறங்கிப் போச்சு" என்று பாட்டி சொன்னது பெரும்பாலும் இதுவாக இருக்கும்.

எல்லாவற்றையும் விட ஆபத்தானது வேறொன்று. ஒரே ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கும். கெண்டைக்கால் வலிக்கும், தொட்டால் சுடும். பிரசவம் ஆனவர், ஆபரேஷன் ஆனவர், பல நாள் படுக்கையில் கிடந்தவர், நெடுந்தூரம் உட்கார்ந்தே பயணம் செய்தவர் ஆகியோருக்கு இது வரலாம். ஆழத்தில் உள்ள ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்து போவதுதான் காரணம். "ரத்த உறைவு" என்று இதற்குப் பெயர். பாலில் உறை ஊற்றுகிற எந்தப் பெண்ணுக்கும் இந்தச் சொல் புரியும். இதைச் செய்தவர் யாரோ, அவருக்கு ஒரு கும்பிடு போடலாம்.

ஆனால் வீட்டில் என்ன நடக்கிறது? "நரம்பு பிசகிவிட்டது, சுளுக்கு" என்று எண்ணெய் போட்டு உருவி விடுகிறார்கள். உறைந்த கட்டி பெயர்ந்து ஓடி நுரையீரலை அடைத்துவிடலாம். மூச்சுத் திணறி, நெஞ்சு வலித்து, சில நிமிஷத்தில் ஆள் போய்விடுவதும் உண்டு. இப்படி வீங்கிய காலை உருவக்கூடாது. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும். "நரம்பு" என்று சொல்லாமல், "ஒரு கால் மட்டும் திடீர்னு வீங்கிப் போச்சு, ரத்தக் குழாயில அடைப்பான்னு பாருங்க" என்று சொன்னால் டாக்டர் உடனே கவனிப்பார்.

சுருண்டு புடைக்கும் ரத்தக் குழாய் இவ்வளவு கொடியது அல்ல. "வெரிகோஸ்" என்று இதை இப்போது கிராமத்திலும் சொல்கிறார்கள். குழாய்க்குள் இருக்கும் மதகு கெட்டு, ரத்தம் கீழேயே தேங்குவதால் வருவது. நின்றுகொண்டே வேலை செய்பவருக்கு இது அதிகத் தொல்லை கொடுக்கும். ஓட்டலில் தோசை போடுகிறவர், துணிக்கடையில் புடவை எடுத்துப் போடும் பெண்கள் ஆகியோரைக் கேட்டால் தெரியும். கடைகளில் ஊழியருக்கு உட்கார இடம் கொடுக்க வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-ல் சட்டம் வந்தது. நாற்காலி போட்ட கடைகள் எத்தனை என்று புடவை வாங்கப் போகிறவர்களே பார்த்துக்கொள்ளலாம்.

யானைக்கால் முற்றிய பிறகு காலைப் பழையபடி ஆக்குவது கடினம். ஆனால் அடிக்கடி வரும் காய்ச்சலைத் தடுக்கலாம். அதற்கு வேண்டியது ஒரு தாம்பாளம், ஒரு குவளை, சோப்பு, சுத்தமான துணி. தினமும் காலைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். விரல் இடுக்கையும் தோல் மடிப்பையும் ஈரம் இல்லாமல் ஒற்றி எடுக்க வேண்டும். தேய்க்கக்கூடாது. சேற்றுப் புண் இருந்தால் களிம்பு தடவ வேண்டும். உட்காரும்போது காலைத் தொங்கவிடாமல் பலகை மேல் தூக்கி வைக்க வேண்டும். செருப்பு இல்லாமல் வெளியே போகக்கூடாது. தாம்பாளம், சோப்பு எல்லாம் அடங்கிய பெட்டியை அரசாங்கமே இலவசமாகக் கொடுக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டால் விவரம் சொல்வார்கள்.